ஓரத்தில் பென்சிலால் எழுதியவர்

வெள்ளவத்தையில் நான் இருக்கும் தொடர்மாடியில் லிஃப்ட் பழுதானால் நாலைந்து நாளைக்கு ஒருவரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். அன்று மூன்றாவது நாள். ஒரு கையில் மரக்கறிப் பை, மறு கையில் மாணவர்களின் விடைத்தாள் கட்டு, வாய்க்குள் முகாமைக் குழுவுக்கு அர்ச்சனை. மூன்றாம் மாடித் திருப்பத்தில் மூச்சு வாங்க நின்றபோது தொலைபேசி அடித்தது. ரிஸ்னா. முன்பு எங்கள் ஆய்வுக்காக வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்ட ஐந்து பெண்களில் ஒருவர். இப்போது வத்தளையில் இருக்கிறார். பெருநாளுக்கு மட்டும் பேசுகிறவர் காலை பத்து மணிக்கு எடுத்தால் அது நல்ல செய்தியாக இருக்காது.

"மிஸ், மெற்றில்டா அக்கா மௌத்தாகிட்டாங்க. நேத்து அஸருக்குப் பொறகு. ஹார்ட் எண்டு சொல்றாங்க."

அந்த ஐவரில் இன்னொருவர், நேற்றுப் பின்னேரம் இறந்துவிட்டார். படியிலேயே குந்திவிட்டேன். கண்ணீர் பொங்கியது என்று எழுத ஆசைதான். பொங்கவில்லை. முதலில் வந்த எண்ணம், "ஐயையோ, இனிச் சொல்ல ஏலாதே" என்பது. அவரிடம் நான் சொல்ல வேண்டிய ஒரு விஷயம் ஆறு வருடமாக என் நெஞ்சுக்குள் கிடந்தது. இன்றைக்குச் சொல்கிறேன், நாளைக்குச் சொல்கிறேன் என்று இழுத்தடித்தேன். பையிலிருந்து தக்காளி ஒன்று உருண்டு படியிறங்கிப் போனது. அதை எடுக்கவும் எழும்பவில்லை.

என் மடியில் இருந்த விடைத்தாள்களில் ஒரு கேள்வி: ஓர் அளவுகோல் எப்போதும் ஒரே விடையைத் தருவதற்கும், அது சரியான விடையைத் தருவதற்கும் உள்ள வேறுபாட்டை உதாரணத்துடன் விளக்குக. உளவியல் ஆய்வுமுறை படிப்பிக்கும் நான் ஒவ்வொரு வருடமும் போடும் கேள்வி. அதில் நானே ஒருமுறை பெயில் விட்டவள். விட்டது மெற்றில்டா அக்காவின் விஷயத்தில்.

கொட்டாஞ்சேனையில் அவர் வீடு, தேவாலயத்துக்குப் பின்புற ஒழுங்கையில். வெள்ளைக் கொடிகளும் வாடகைக் கதிரைகளும் தெருவரை வந்திருந்தன. பெட்டிக்குள் அவர் நீல நிறச் சேலையில், நெற்றி சுருக்கி, யாரோ சொல்வதைக் கவனமாகக் கேட்பவர்போலக் கிடந்தார். மகள் ஷெரின் என் கையைப் பிடித்து உள்ளறைக்குக் கூட்டிப்போனாள்.

"மிஸ், முப்பத்தோராம் நாள் பூசைக்கு ஒரு சின்னப் புத்தகம் அடிக்கிறம். அம்மாட வேலையப் பத்தி மிஸ்தான் எழுதித் தர வேணும். அந்த வேலை எண்டா அம்மாக்கு உசிர் தானே. முழங்கால் நோவாலதான் விட்டவ. போக வேணாம் எண்டு மிஸ் எவ்வளவோ சொன்னதாம், தான்தான் ஏலாதெண்டு வந்ததாம். எப்பவும் சொல்லுவா."

என் கையில் பால் விடாத பிளேன்ரீ இருந்தது. கோப்பையைக் கீழே வைத்தேன். "எழுதித் தாறன் மகள்" என்றேன். வேறென்ன சொல்ல?

ஆகவே எழுதுகிறேன். ஷெரின், இது நீ கேட்ட மாதிரி வரவில்லை. 'புன்னகை மாறாத முகம், தன்னலமற்ற சேவை' என்று பத்து வரி எழுத எனக்கும் தெரியும். அப்படி எழுதித் தந்திருந்தால், உன் அம்மா அதை வாசித்துவிட்டு ஓரத்தில் பென்சிலால், 'ஆக்கள் பக்கத்தில இருக்கேக்க சொன்னது' என்று குறித்திருப்பார். அவரோடு வேலை செய்தவர்களுக்கு அந்தக் குறிப்பின் பொருள் தெரியும். மற்றவர்களுக்காகக் கொஞ்சம் விளக்குகிறேன்.

துணியை அளக்க அடிமட்டம் இருக்கிறது. மனச்சோர்வை அளக்க அப்படி ஒன்றும் கிடையாது. ஆளிடம்தான் கேட்க வேண்டும். நாங்கள் இருபது கேள்விகள் வைத்திருந்தோம். ஒவ்வொன்றுக்கும் நான்கு விடை: ஒருபோதும் இல்லை, இடைக்கிடை, அடிக்கடி, எந்நாளும். எல்லாரிடமும் ஒரே சொல்லில், ஒரே ஒழுங்கில் கேட்க வேண்டும். ஒருவரிடம் ஒரு மாதிரியும் மற்றவரிடம் வேறு மாதிரியும் கேட்டால் இரண்டு பேரையும் ஒப்பிட முடியாது. எட்டு வருடத்துக்கு முன்னர் கொட்டாஞ்சேனைத் தெருக்களில் பெண்களிடம் இதைக் கேட்டோம். விடைகளைக் கூட்டி வரும் எண்ணை வைத்துத்தான் அந்தப் பகுதியில் தமிழில் கதைக்கக்கூடிய ஓர் ஆலோசகரோடு ஓர் அறை திறப்பதா இல்லையா என்று மேலே இருப்பவர்கள் முடிவெடுப்பார்கள். அதுவரை, மனம் சரியில்லை என்று சொல்ல ஒரு பெண் இரண்டு பஸ் மாறி ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் அழ வேண்டியிருந்தது.

மெற்றில்டா அக்கா துறைமுகப் பக்கம் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் கடிதமும் கணக்கும் எழுதும் லிகிதராக இருந்தவர். கந்தோர் மூடியதும் எங்களிடம் வந்தார். நேர்முகத்தில் வேலையை விளக்கினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "வீடு வீடாப் போய் ஆக்களக் கதைக்க விட்டுக் கேக்கிறதுக்குச் சம்பளமும் தருவீங்களா மிஸ்? நான் இவ்வளவு காலமும் சும்மா செஞ்சிட்டேனே!" என்றார். நான் சிரித்துவிட்டேன். அந்த இடத்திலேயே வேலை கொடுத்தேன்.

மற்ற நால்வரும் ஒரு வீட்டுக்குப் போனால், காட்டிய கதிரையில் இருந்து, கேட்டு, எழுதிக்கொண்டு வருவார்கள். அரை மணி நேரம். மெற்றில்டா அக்கா அப்படி இல்லை. "கேள்வி பிறகு மிஸ். முதல்ல எங்க இருக்கிறது எண்டு பாக்க வேணும்" என்பார். மாமியார் முன்னறையில் இருந்தால் ஒரு பிளேன்ரீயைக் குடித்து, திருவிழாவைப் பற்றிக் கதைத்து, இன்னொரு நாளைக்கு வருகிறேன் என்று எழும்பிவிடுவார். செவ்வாய்க்கிழமை மாமியார் தேவாலயத்துக்கு நவநாள் செபத்துக்குப் போன நேரம் பார்த்துத் திரும்பப் போவார். கணவன் வீட்டில் நின்றால் அந்தப் பெண்ணைக் குசினிக்குள் தள்ளிக்கொண்டு போய், கூடவே கீரை ஆய்ந்துகொண்டு கேட்பார். மற்றவர்கள் மூன்று படிவம் நிரப்பும் நேரத்தில் இவர் ஒன்று. எனக்குப் பத்திக்கொண்டு வரும்.

படிவத்தில் விடைகளைப் பேனையால் குறிப்பார். ஓரத்தில் மட்டும் பென்சிலால் பொடி எழுத்தில் ஏதாவது எழுதியிருப்பார். படிவத்தை அசிங்கப்படுத்த வேண்டாம் என்று ஒருநாள் ஏசினேன். "பேனை அவையள்ட பதில் மிஸ். பென்சில் நான் கண்டது. என்ர கண் பிழைக்கலாம் தானே, அதான் பென்சில்" என்றார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஓரத்தில் எழுதியதைக் கணினியில் ஏற்ற இடமில்லை என்று சொல்லி விட்டுவிட்டேன்.

வேலைக்கு இறங்குமுன் ஒத்திகை நடக்கும். கேள்வி கேட்கப் பழக, எங்களுக்குள்ளேயே ஒருவரை ஒருவர் கேட்க வேண்டும். ரிஸ்னா அன்று வரவில்லை, ஆள் குறைந்தது. "அப்ப மிஸ்ஸையே கேக்கிறன்" என்று மெற்றில்டா அக்கா என் அறைக்குள் வந்து இருந்தார். அறைக் கதவு திறந்திருந்தது. வெளியே மற்ற மூவரும் பணிஸ் தின்றபடி கதைத்துக்கொண்டிருந்தார்கள். அது என் திருமணம் முறிந்துகொண்டிருந்த வருடம். கந்தோரில் ஒருவருக்கும் சொல்லவில்லை. அம்மாவுக்குக்கூடச் சொல்லவில்லை. ஏழாவது கேள்வி: விடியப்புறம் முழிப்பு வந்து, பிறகு நித்திரை வராமல் கிடந்தது உண்டா? "ஒருபோதும் இல்லை" என்றேன், சிரித்துக்கொண்டு. அக்கா என்னைப் பார்த்தார். பிறகு கதவைப் பார்த்தார். பென்சிலை எடுத்து ஏதோ எழுதினார். "அடுத்ததைக் கேளுங்கோ அக்கா, டீ ஆறுது" என்று அவசரப்படுத்தினேன். இருபதுக்கும் 'இல்லை' சொல்லி முடித்தேன். மகா ஆரோக்கியமான பெண்மணி நான்!

அடுத்த கிழமை ஒரு சோதனை வைத்தேன். ஒரு பெண்ணிடம் கேள்வி கேட்கும் ஒளிப்பதிவைப் போட்டுக்காட்டி, ஐந்து பேரும் தனித்தனியே அவளுக்குப் புள்ளி போட வேண்டும். புள்ளிகள் ஒத்துப்போனால் ஐந்து பேரும் ஒரே அளவுகோல் மாதிரி வேலை செய்கிறார்கள் என்று பொருள். நால்வர் ஒத்துப்போனார்கள். மெற்றில்டா அக்கா மட்டும் நிறையக் கேள்விகளுக்கு விடையே குறிக்காமல் பென்சிலால் கேள்விக்குறி போட்டிருந்தார். "அந்தப் பிள்ளை ஒவ்வொருக்காவும் வாசலப் பாத்துப் பாத்தெல்லோ சொல்லுது. அங்க ஆரோ நிக்கிறாங்க" என்றார். வாசல் படத்தில் தெரியவில்லை, தெரியாததை எழுதக்கூடாது, மற்ற நாலு பேரும் ஒத்துப்போகிறார்களே என்று நான் விளக்கினேன்.

"எங்கட வீட்டு மணிக்கூடு பத்து நிமிஷம் முந்தித்தான் ஓடுது மிஸ். பிள்ளையள் பஸ் விடக்கூடாதெண்டு நான்தான் வச்சது. வீட்டில நாலு பேரும் அந்த நேரத்திலதான். நாலு பேரும் நல்லா ஒத்துப்போறம். அதுக்காக கொழும்புக்கு நேரம் அதுவோ?"

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும்தான். அந்த உதாரணத்தை இப்போது ஒவ்வொரு வருடமும் வகுப்பில் சொல்கிறேன். யாருடையது என்று ஒருநாளும் சொன்னதில்லை. வெட்கமாக இருக்கிறது.

மூன்று மாதத்தில் படிவங்கள் எல்லாம் வந்து சேர்ந்தன. கணக்குப் பார்த்தபோது நால்வரின் படிவங்களில் மனச்சோர்வு குறைவு. மெற்றில்டா அக்காவின் படிவங்களில் மட்டும் ஏறக்குறைய இரண்டு மடங்கு. எங்கள் தொழிலில் இதற்கு ஒரு முடிவு தயாராகவே இருக்கும்: கேள்வி கேட்டவரிடம்தான் கோளாறு. அவர் தூண்டிக் கேட்டிருக்கிறார், அல்லது பதிலைக் கூட்டிப் போட்டிருக்கிறார். நான் அந்த முடிவை இரண்டு தரம் யோசிக்கவில்லை. அக்காவைக் கூப்பிட்டேன்.

"ஒரே றோட்டு, ஒரே சனம். உங்களுக்கு மட்டும் எப்பிடி அக்கா இவ்வளவு கவலை கிடைக்குது?"

"நான் கூட்டிப் போடேல்ல மிஸ். அவையள் சொன்னதுதான்."

"கேள்வியில ஏதும் சேர்த்துக் கேட்டனீங்களோ?"

"ஒரு சொல்லும் சேர்க்கேல்ல. காத்துக்கொண்டு இருந்தனான். அவ்வளவுதான்."

"காத்துக்கொண்டு இருக்கச் சொல்லி விதியில இல்லையே அக்கா. மற்றவை செய்யாததை நீங்கள் செய்தா அளவு பிழைக்கும்."

அவர் மடியிலிருந்த எழுதும் மட்டையை நேராக்கினார். பிறகு, "அப்ப மிஸ் மற்றவையையும் காத்துக்கொண்டு இருக்கச் சொல்லுங்கோவன்" என்றார். அதில் கோபமே இல்லை. எனக்குத்தான் சுள்ளென்று ஏறியது. லிகிதர் வேலை பார்த்த மனுசி எனக்கு ஆய்வுமுறை சொல்லித் தருகிறாவோ என்று நினைத்தேன். ஓம், அப்படியே, அதே சொற்களில் நினைத்தேன். அவர் படிவங்களை முழுக்கக் கணக்கிலிருந்து நீக்கினேன். அடுத்த கட்டத்துக்கு அவர் தேவையில்லை என்றும் சொன்னேன்.

அடுத்த நாள் பை, அடையாள அட்டை, எழுதும் மட்டை எல்லாவற்றையும் துடைத்துக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். "மிஸ், படிவத்த எறிஞ்சு போடாதேங்கோ. ஓரத்தில எழுதினத ஆரும் ஒருக்கா வாசிச்சாப் போதும்" என்றார். படிவங்களைப் பெட்டியில் போட்டு அலுமாரிக்கு மேல் வைத்தேன். எறியவில்லை. வாசிக்கவும் இல்லை.

ஷெரின், உன் அம்மாவுக்கு முழங்கால் நோ இருந்தது உண்மை. அதற்காக அவர் வேலையை விடவில்லை. நான் நிறுத்தினேன். போக வேண்டாம் என்று நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை. வீட்டில் அவர் சொன்ன கதையில் என்னை நல்லவளாக்கி வைத்திருந்தார் என்பது செத்த வீட்டில் நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அவர் படிவங்களை நீக்கியதும் அறிக்கை அழகாக வந்தது. நால்வரின் எண்களும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நின்றன. கூட்டத்தில் ஓர் அதிகாரி பக்கங்களைப் புரட்டிவிட்டுச் சிங்களத்தில், "எஹெனம் பிரஷ்னயக் நே நே, மிஸ்?" என்று கேட்டார். அப்படியென்றால் பிரச்சினை ஒன்றும் இல்லைத்தானே என்று. "லொகு பிரஷ்னயக் நே" என்றேன். பெரிதாக இல்லை. அறை திறக்கவில்லை. அதற்கென்று பார்த்து வைத்திருந்த அறைக்குள் பிறகு பழைய தளபாடங்களைப் போட்டுப் பூட்டினார்கள். எனக்குப் பதவி உயர்வு கிடைத்தது.

இரண்டு வருடம் கழித்துக் கந்தோர் மாறினோம். அலுமாரிக்கு மேலிருந்த பெட்டியை இறக்கும்போது அடிப்பக்கம் பிய்ந்து படிவங்கள் நிலமெல்லாம் பரவின. பொறுக்கி அடுக்கும்போதுதான் ஓரங்களை வாசித்தேன்.

'மாமியார் பக்கத்தில. எல்லாத்துக்கும் இல்லை. பதினொண்டாம் கேள்விக்கு கவுண் நுனிய விரலில சுத்தினவ.'

'கணவர் வாசலில நிண்டு போனில கதைச்சவர். போன் காதில இல்லை.'

'தனிய. பைப்படியில. சொல்லி முடிச்சுப்போட்டு, அக்கா இத எங்க கொண்டு போய்க் குடுப்பீங்க எண்டு கேட்டவ.'

நிலத்தில் இருந்தபடியே படிவங்களை இரண்டாகப் பிரித்தேன். எத்தனை தரம் போயும் தனியே கேட்க முடியாமல் ஆட்கள் பக்கத்தில் இருந்தவை ஒரு பக்கம், தனியே கேட்டவை ஒரு பக்கம். கணினியே தேவைப்படவில்லை. ஆட்கள் பக்கத்தில் இருந்த படிவங்களில் அக்காவின் எண்களும் மற்ற நால்வரின் எண்களைப்போலவே குறைவு. தனியே கேட்டவற்றில் மட்டும்தான் இரண்டு மடங்குக்கும் மேல். அக்காவிடம் ஒரு கோளாறும் இருக்கவில்லை. கதவு திறந்திருந்தால் ஒரு பதில், சாத்தியிருந்தால் இன்னொரு பதில். நால்வரும் முன்னறைக் கதிரையில் இருந்து ஒரே பிழையை ஒற்றுமையாகச் செய்திருந்தார்கள். அந்த ஒற்றுமையை நான் உண்மை என்று எழுதிக் கையொப்பமும் வைத்திருந்தேன்.

தண்ணீர்க் குழாயடியில் நின்று அப்படிக் கேட்ட பெண்ணுக்குப் பிறகு என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் வழியில்லை. இரகசியம் காக்க வேண்டும் என்று படிவங்களில் பெயர் எழுதுவதில்லை, இலக்கம் மட்டும்தான். அவர் இலக்கம் எனக்கு மனப்பாடம். அவர் சொன்னதை மெற்றில்டா அக்கா கொண்டுவந்து என்னிடம் கொடுத்தார். நான் பெட்டியில் போட்டேன்.

அன்றைக்கே ஒரு கடிதம் எழுதியிருக்கலாம். கொட்டாஞ்சேனைக்குப் பஸ் ஏறியிருக்கலாம். எழுதவில்லை, ஏறவில்லை. அறிக்கை பழசு, இனி யார் பார்க்கப் போகிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அதைவிடக் கேவலம். பிழை என் பெயரில் வெளியே வரும் என்று பயந்தேன்.

போன வருடம் களுபோவிலயில் ஓர் உறவினரைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனபோது, பிரஷர் கிளினிக் வரிசையில் மெற்றில்டா அக்கா இருந்தார். கொப்பியால் விசிறிக்கொண்டு, பக்கத்து மனுசியின் கதையைக் கேட்டுக்கொண்டிருந்தார். "அனே, மிஸ்! மெலிஞ்சு போனீங்க" என்று என்னை இழுத்துப் பக்கத்தில் இருத்தினார். பிள்ளைகளைப் பற்றிச் சொன்னார். ரிஸ்னாவைப் பற்றிக் கேட்டார். இதோ சொல்லப் போகிறேன், இப்போது சொல்லிவிடுகிறேன் என்று எனக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். "அக்கா, அந்தப் படிவங்கள்..." என்று தொடங்கினேன். அதற்குள் அவர் என் முகத்தைக் கூர்ந்து பார்த்துவிட்டு, "மிஸ் இப்ப நித்திரை கொள்றீங்களோ?" என்று கேட்டார்.

எனக்கு ஒரு கணம் ஒன்றும் விளங்கவில்லை. "ஓம் அக்கா, நல்லாக் கொள்றன்" என்றேன், சிரித்துக்கொண்டு.

அவர் சுற்றிலும் பார்த்தார். உட்காரும் வாங்குகள் நிறையச் சனம். "சரி. இஞ்ச ஆக்கள் கூட. பிறகு கேக்கிறன்" என்றார். அந்நேரம் அவருடைய இலக்கத்தைக் கூப்பிட்டார்கள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழும்பிப் போனார். நான் சொல்ல வந்ததைச் சொல்லாமலே வீட்டுக்கு வந்தேன். அடுத்த முறை என்று நினைத்தேன். அடுத்த முறை நான் அவரைப் பார்த்தது பெட்டிக்குள்.

அடக்கம் முடிந்த பிறகு இரண்டு வேலை செய்தேன். அந்த அறிக்கை பிழை, எந்தக் காரணத்தால் பிழை, யாருடைய படிவங்கள் சரியானவை என்று மெற்றில்டா அக்காவின் முழுப் பெயரையும் போட்டு, உரிய இடத்துக்கு எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். பதில் வரவில்லை. வராமலும் போகலாம். அந்த அறைக்குள் இன்னும் உடைந்த கதிரைகள்தான் கிடக்கின்றன. நான் அழைத்து இதையெல்லாம் சொன்னபோது ரிஸ்னா அழுதார். "அந்த மணிக்கூட்டுக் கதைக்கு நாங்களும் சிரிச்சமே மிஸ் அண்டைக்கி" என்றார். அதைச் சிரிப்போடு விட்டுவிட்டது நான் என்றேன்.

மற்ற வேலை, பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து முழுக்க வாசிப்பது. நேற்று மத்தியானம் பெட்டியின் அடியில் ஒத்திகைப் படிவங்களைக் கண்டேன். அதில் ஒன்றில் இலக்கம் இருந்த இடத்தில் 'மிஸ்' என்று எழுதியிருந்தது. இருபது பேனை அடையாளங்களும் 'ஒருபோதும் இல்லை' பெட்டியில். ஏழாவது கேள்விக்குப் பக்கத்தில் பென்சிலால், மங்கிப்போய்: 'கதவு திறந்திருந்தது. வெளியில ஆக்கள். மிஸ் சிரிச்சுக்கொண்டு சொன்னவ. தனிய இருக்கேக்க திரும்பக் கேக்க வேணும்.' கடைசி வரியின் கீழே இரண்டு கோடு.

ஏழு வருடம் கழித்து, ஆஸ்பத்திரி வாங்கில், தன் முழங்கால் நோவோடும் பிரஷரோடும், அவர் அதைத்தான் திரும்பக் கேட்டிருக்கிறார். நான் வேலையால் நிறுத்திய பிறகும் அந்தப் படிவம் அவருக்கு முடியவில்லை. கண்ணீர் வந்தது அப்போதுதான். மூன்று கிழமை பிந்தி.

எல்லாப் படிவங்களையும் கடிதத்துக்குப் பதில் வரும்வரை பத்திரமாக வைத்திருப்பேன். இந்த ஒன்றை மட்டும் எனக்கென்று எடுத்துக்கொள்கிறேன். மெற்றில்டா அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது இதுதான். இந்தப் பக்கங்களை அச்சடிப்பதா விடுவதா என்பது ஷெரின், உன் விருப்பம்.

படிவத்தை மேசையில் வைத்துவிட்டு எழும்பிப் போய் அறைக் கதவைச் சாத்தினேன். வீட்டில் நான் ஒருத்திதான், ஆனாலும் சாத்தினேன். பென்சில்தான் கைக்கு வந்தது. வைத்துவிட்டுப் பேனையை எடுத்தேன். பதில் என்றால் பேனை, அதுதானே அவர் சட்டம். ஏழாவது கேள்வியை ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் சத்தமாக வாசித்தேன். விடியப்புறம் முழிப்பு வந்து, பிறகு நித்திரை வராமல் கிடந்தது உண்டா?

எந்நாளும், அக்கா. அண்டைக்கும். இப்பவும்.